பொது மடையும் தனிக் கிணறும்

மாற்றுக் கல்வி என்ற சொல் தமிழில் இன்று பல பொருள்களில் வழங்குகிறது. தேர்வையும் மதிப்பெண்ணையும் மையமாக வைக்காமல், குழந்தையின் வேகத்தையும் ஆர்வத்தையும் கைவேலையையும் சுற்றியுள்ள மண்ணையும் மையமாக வைத்துக் கற்பிக்க முனையும் முறைகள் அனைத்தையும் அச்சொல் இங்கே குறிக்கிறது. மாண்டிசோரி முறை, காந்தியின் ஆதாரக் கல்வி, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனைவழி வந்த பள்ளிகள், தாய்மொழிவழிப் பள்ளிகள் ஆகியவை ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போவன அல்ல எனினும், வரிசையில் உட்காரவைத்து ஒப்பிக்கச் செய்வது கல்வி ஆகாது என்ற ஒரு கருத்தில் அவை ஒன்றுபடுகின்றன. தேனி மாவட்டத்தில், குறிப்பாகச் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என நீளும் கம்பம் பள்ளத்தாக்கில், இக்கருத்தை ஏற்கும் பெற்றோர் உண்டு. அதை ஏற்பதற்கும் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்துவதற்கும் இடையில் உள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

நடுத்தரக் குடும்பம் என்பதும் இங்கே விளக்கம் வேண்டிய சொல்லாகும். பெருநகரத்தில் அச்சொல் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்தைக் குறிக்கும். பள்ளத்தாக்கிலோ இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சையோ வாழையோ வைத்திருப்பவர், போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகத்தை ஒட்டிப் பிழைப்பவர், கடைவீதியில் சிறு கடை நடத்துபவர், இடுக்கி மலையில் சிறிய ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதுபவர் எனப் பலரும் அதில் அடங்குவர். இவர்களுள் பெரும்பாலோரின் வருமானம் மாதந்தோறும் வருவதன்று, பருவந்தோறும் வருவது. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு, அதாவது ஆண்டுக்கு இரண்டு முறை நெல் விளையும் நிலத்துக்கு, முதல்போகத் தண்ணீர் வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் தொடக்கத்தில். பள்ளிகள் திறக்கப்படுவதும் ஜூனில். நாற்றங்காலுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் பணம் வேண்டிய அதே வாரங்களில் பள்ளிக் கட்டணத்தின் முதல் தவணையும் வந்து நிற்கிறது. ஏலக்காய் அறுவடை ஆகஸ்டில்தான் சூடுபிடிக்கும் என்பதால் மலையை நம்பிய குடும்பத்துக்கும் ஜூன் வறண்ட மாதமே. ஆகவே கட்டணத்தின் உண்மையான அளவு அறிவிப்பில் எழுதியிருக்கும் தொகை மட்டுமன்று. அடகுவைத்த நகைக்கும் முன்கூட்டித் தள்ளி எடுத்த சீட்டுக்கும் கொடுக்கும் வட்டியும் கழிவும் சேர்ந்ததே அதன் அளவு.

கட்டணம் ஏன் அவ்வளவாகிறது என்பதைப் பெற்றோர் பலர் ஆராய்வதில்லை. பள்ளி நடத்துவோரின் பேராசை என்று ஒரு சாராரும், தரத்தின் விலை என்று மற்றொரு சாராரும் முடித்துவிடுகின்றனர். ஒரு சிறு கணக்கு இரண்டையும் தெளிவாக்கும். ஓர் ஆசிரியருக்கு மாதம் 20,000 ரூபாய் ஊதியம் எனக் கொண்டால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் ஆகும். அவர் வகுப்பில் 40 குழந்தைகள் இருந்தால் தலைக்கு 6,000 ரூபாய் விழும். மாற்றுக் கல்வி கேட்பதோ சிறிய வகுப்பு: 20 குழந்தைகள், ஓர் ஆசிரியர், 12,000 ரூபாய் ஊதியத்தில் ஓர் உதவியாளர் எனில் ஆண்டுச் செலவு 3,84,000 ரூபாயாகி, தலைக்கு 19,200 ரூபாய் விழும். கட்டடம், கருவிகள், மின்சாரம், அலுவலகம் ஆகியவற்றுக்கு ஊதிய அளவுக்கே மற்றொரு மடங்கு வைத்தால் முதல் பள்ளியில் 12,000 ரூபாயும் இரண்டாவதில் 38,400 ரூபாயும் ஒரு குழந்தையின் ஆண்டுச் செலவு. மாதம் 25,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், எந்த இலாபமும் வைக்காத பள்ளிக்கே அவர்கள் தம் வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கொடுத்தாக வேண்டும். இத்தொகைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவையே எனினும், அவற்றிடையே உள்ள விகிதம் எந்த ஊரிலும் பெரிதாக மாறாது. மாற்றுக் கல்வியின் விலை மரக்கருவியிலோ மரநிழல் வகுப்பிலோ இல்லை; ஒரு பெரியவரின் கவனத்தை எத்தனை குழந்தைகள் பகிர்ந்துகொள்கின்றன என்பதிலேயே அது இருக்கிறது.

இதிலிருந்து மனத்தை உறுத்தும் ஓர் உண்மையும் பிறக்கிறது. சிறிய வகுப்பையும் குறைந்த கட்டணத்தையும் ஒருசேர வழங்கும் பள்ளிக்கு வெளியிலிருந்து நன்கொடை வராத நிலையில், இடைவெளியை நிரப்புவது ஆசிரியரின் ஊதியமே. சிற்றூர்களின் சிறு தனியார் பள்ளிகளில் பட்டம் பெற்ற இளம்பெண்கள் கடைச் சிப்பந்தியின் சம்பளத்துக்கு ஈடான ஊதியத்தில் கற்பிப்பது யாரும் அறியாததன்று. தன் பிள்ளைக்கு அன்பான, பொறுமையான ஆசிரியர் வேண்டும் என விரும்பும் பெற்றோர், அந்த ஆசிரியர் தம் வீட்டு வாடகையைக் கொடுக்க இயலுகிறதா என்பதையும் கேட்கக் கடமைப்பட்டவர். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறிக்கொண்டேயிருக்கும் பள்ளியில் எந்த முறையும் வேர் பிடிப்பதில்லை.

கட்டணத்துக்கு வெளியே இரண்டு செலவுகள் மறைந்திருக்கின்றன. முதலாவது தொலைவு. தேனியிலிருந்து கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வாய்ப்புகள் மாவட்டத் தலைநகரை ஒட்டிக் குவிவதால் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் வாழும் குழந்தை வேனில் செலவிடும் நேரமும், அந்த வேனுக்குக் கொடுக்கும் தொகையும் கணக்கில் சேரவேண்டும். மண்ணோடும் ஊரோடும் இணைந்த கல்வியைத் தேடி, ஒரு குழந்தையைத் தன் ஊரிலிருந்து நாள்தோறும் பிரித்து அனுப்புவதில் உள்ள முரண் சிறியதன்று. இரண்டாவது, இழக்கும் உரிமைகள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டு அது பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. தனியார் கட்டணப் பள்ளியில் படித்தவர் இவற்றுள் எதையும் பெற இயலாது. நடுத்தரக் குடும்பம் மாற்றுப் பள்ளிக்குக் கொடுக்கும் விலையில் இந்த இழப்பும் அடங்கும்.

சட்டம் திறந்துவைத்த வாயிலும் இவர்களுக்குக் குறுகியதே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலான தனியார் சுயநிதிப் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் இடங்களுள் 25 விழுக்காட்டை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்கி, அக்கட்டணத்தை அரசே ஈடுசெய்ய வகைசெய்தது. நலிந்த பிரிவுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். சற்றே மேலே நிற்கும் குடும்பம் உதவிக்கு மிஞ்சியதாகவும் கட்டணத்துக்கு எட்டாததாகவும் நடுவில் நின்றுவிடுகிறது. 2025–26 கல்வியாண்டில் ஒன்றிய அரசிடமிருந்து வரவேண்டிய நிதி வராமல் இந்தச் சேர்க்கையே பல மாதங்கள் தள்ளிப்போனது. 2009இன் மற்றொரு சட்டம் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்க வழிசெய்தது. அது மிகைக் கட்டணத்தைத் தடுக்க உதவும், ஆனால் நியாயமான செலவைக் குறைத்துக் கொடுக்க அதனால் இயலாது.

இப்படி வசதியுள்ளோர்க்கு உரியதாகத் தோற்றமளிக்கும் இந்த முறைகளின் பிறப்பை நோக்கினால் காட்சி மாறுகிறது. மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907ஆம் ஆண்டு ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகள் கட்டடத்தைப் பாழாக்கியதால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவைக் கட்டடத்தைச் சீரமைத்த நிறுவனமே பராமரிப்புச் செலவாகக் கருதி ஏற்றது; பெற்றோர் தனிக் கட்டணம் கொடுக்கவில்லை, குழந்தையைத் தூய்மையாக அனுப்புவதும் ஆசிரியையோடு தொடர்ந்து பேசுவதுமே அவர்களிடம் கேட்கப்பட்டன. அதே மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து, உலகப் போரால் நாடு திரும்ப இயலாமல், 1942 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். பெரியகுளத்து வயல்களில் நிற்பவர் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் அந்த மலையில்தான், ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான அவருடைய முறை, அண்டத்தின் வரலாற்றிலிருந்து எல்லாப் பாடங்களையும் கிளைக்கவைக்கும் அந்தக் கல்வித் திட்டம், உருப்பெற்றது. தேனி மாவட்டத்துக்கு மாண்டிசோரி என்ற பெயர் தொலைதூர நாட்டிலிருந்து இறங்கிய பொருள் அன்று. அடுத்த மலையின் வரலாறு.

காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் செலவு என்னும் கேள்வியிலிருந்தே எழுந்தது. குழந்தைகள் செய்யும் கைத்தொழிலின் வருவாயே ஆசிரியரின் ஊதியத்தைத் தாங்கவேண்டும் என்ற அவர் கருத்தை அன்றே பலர் மறுத்தனர், அம்மறுப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் ஏழை நாட்டின் பள்ளி யாருடைய பணத்தில் நடக்கவேண்டும் என்று அவர் கேட்டது சரியான கேள்வி. அச்சிந்தனையின் வழியில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம் அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் இருக்கிறது.

இவற்றினும் நெருக்கமான ஒரு வரலாறு பள்ளத்தாக்கின் ஒவ்வொரு ஊராட்சிப் பள்ளியிலும் நடந்தேறியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி, தன்னைச் சுற்றிய சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் ஏற்றன, எம். பி. விஜயகுமார் என்ற ஆட்சிப்பணி அலுவலரின் முயற்சியால் வளர்ந்த அது, செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007–08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சுகள் விலகிப் பாய்கள் விரிந்தன. குழந்தை எட்டும் உயரத்தில் கரும்பலகை இறங்கியது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே குழுவில் அமர்ந்து, அவரவர் வேகத்தில் ஏணியின் படிகளைக் கடந்தனர். பெருநகரங்களில் பெரும் பணம் கொடுத்துப் பெறப்படும் ஒரு கல்விச் சிந்தனை, ஒரு ரூபாய் கட்டணமும் இல்லாமல் மாநிலத்தின் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் அதற்குள் மெட்ரிகுலேஷன் பள்ளி வேனுக்காகக் காத்து நின்றன. அரசுப் பள்ளியில் எஞ்சிய பெற்றோர் பலருக்கும் வீட்டுப்பாடம் இல்லாத அந்த வகுப்பு வெறும் விளையாட்டாகத் தோன்றியது. பயிற்சி குறைந்த இடங்களில் முறை தேய்ந்து சடங்காகவும் ஆனது. அதைக் கேள்வி கேட்டுத் திருத்தவும், நன்றாக நடந்த இடத்தில் தாங்கிப் பிடிக்கவும் படித்த பெற்றோரின் குரல் அங்கே இல்லை. பின்னர் அம்முறை படிப்படியாக மாற்றப்பட்டு, 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது.

அவர்கள் விலகியதன் காரணங்களை எளிமையாக்கிவிடக் கூடாது. ஆங்கிலம் வேலைக்கான வாயில் என்ற கணிப்பு வெறும் மாயை அன்று. ஆசிரியர் பற்றாக்குறையும் கழிப்பறையின் நிலையும் உண்மையான குறைகளாக இருந்தன. அதோடு, யாருடைய பிள்ளையோடு தன் பிள்ளை உட்காரவேண்டும் என்ற சாதி எண்ணமும் பல வீடுகளில் சொல்லப்படாத காரணமாக இருந்தது. முதலிரண்டு காரணங்களும் மதிக்கத்தக்கவை. மூன்றாவதை மாற்றுக் கல்வியின் பெயரால் மறைத்துக்கொள்வது அக்கல்வியின் அடிப்படைக்கே எதிரானது.

கல்விச் செலவைக் கூட்டாகச் சுமப்பதில் இந்த மண்ணுக்குப் பழக்கம் உண்டு. தேனி, மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் தென்மாவட்டங்களின் மகமை மரபிலிருந்து வந்தவை. மகமை என்பது விற்கும் சரக்கின்மேல் வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட பொதுப் பங்களிப்பு. விருதுநகரில் அதே மரபில், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்து நடத்தப்பட்ட பள்ளியில் காமராசர் படித்தார். உத்தமபாளையத்தின் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956 முதல் பள்ளத்தாக்கின் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி தருகிறது. அரசு தொடங்கியதை மக்கள் தமதாக்கிக்கொண்ட வரலாறும் உண்டு: மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளன. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் காலத்தில் பிரமலைக் கள்ளரைக் கட்டுப்படுத்தும் நோக்கோடு 1920களில் காலனி அரசு தொடங்கியவற்றை, அம்மக்கள் தம் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கான ஏணியாக மாற்றிக்கொண்டனர். சமூக நிதியால் நடந்தவை ஒரு சமூகத்தின் எல்லைக்குள் பிறந்தவை என்பது உண்மைதான். அந்த எல்லையைத் தாண்டி, பங்களிக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே இன்றைய தேவை.

தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் இதற்கு முயற்சிகள் உண்டு. தருமபுரி மாவட்டம் நாகர்கூடலில் மீனாட்சி உமேஷ் தொடங்கிய புவிதம் பள்ளி, வேலை தேடிப் புலம்பெயரும் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிலத்தையும் கைத்தொழிலையும் பாடமாக்கியது. திருவண்ணாமலையில் 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி சுற்றுக் கிராமத்துக் குழந்தைகளையும் வெளியிலிருந்து வந்து குடியேறியோரின் குழந்தைகளையும் ஒரே கூரையின்கீழ் படிக்கவைக்கிறது. 1990களில் தோழர் தியாகுவும் தமிழ்த் தேசிய உணர்வாளர்களும் தொடங்கிய தாய்த்தமிழ்ப் பள்ளிகள் எளிய குடும்பங்களுக்காக நிதி நெருக்கடியோடு போராடியே நடந்துவந்தன. இவை அனைத்தும் காட்டும் பாடம் ஒன்றே: கட்டணம் மட்டுமே வருவாயாக உள்ள மாற்றுப் பள்ளி, காலப்போக்கில் வசதியுள்ளோரின் பள்ளியாகிவிடும், அல்லது ஆசிரியரின் தியாகத்தைத் தின்று தளரும். நன்கொடையோ அரசுப் பணமோ கூட்டுப் பங்களிப்போ சேர்ந்தால்தான் அது எளியோர்க்குத் திறந்திருக்கும்.

இங்கே பெற்றோரின் தரப்பிலிருந்து எழும் மறுப்பு வலுவானது. அரசுப் பள்ளி சீராகும்வரை ஒரு குழந்தையின் ஐந்து வயது காத்திருக்காது. சமூகத்தைத் திருத்தும் பொறுப்பைத் தன் பிள்ளையின் தோளில் ஏற்றப் பெற்றோருக்கு உரிமையில்லை. இம்மறுப்பை ஏற்றுக்கொண்டே வழி தேடவேண்டும். மாற்று முறைகள் மிகுதியாகப் பயன்தருவது தொடக்க வயதில்தான் என்று கருத இடமுண்டு. எனவே ஒரு குடும்பம் கடன்படாமல் செலவிட இயலுமானால், மழலை வகுப்புகள் இரண்டோடு ஐந்தாம் வகுப்புவரை ஏழு ஆண்டுகள் அவ்வாறு செலவிட்டு, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். பதினான்கு ஆண்டுச் செலவு பாதியாகும், மேலே சொன்ன உள்ஒதுக்கீடும் உதவித்தொகையும் கைவிட்டுப் போகா. சேர்க்கும் முன் பள்ளியின் அங்கீகாரச் சான்றிதழைப் பார்க்கவேண்டும்; பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என எழுத எவருக்கும் தடையில்லை ஆகையால், வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா, கருவிகள் கைக்கெட்டும் தட்டில் இருக்கின்றனவா, ஆசிரியர் முறையான பயிற்சி பெற்றவரா, எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று நேரில் கண்டறியவேண்டும். கடன் வாங்கித்தான் கட்டவேண்டும் என்றால் அப்பள்ளியை விட்டுவிடுவதே பிள்ளைக்குச் செய்யும் நன்மை. தேவதானப்பட்டியிலோ கூடலூரிலோ கடனின் அழுத்தம் நிறைந்த வீட்டில், எந்தப் பள்ளியின் அமைதியும் மாலை வீடு திரும்பும் குழந்தையோடு கூடவே வருவதில்லை.

அவ்வாறு விட்டவர்க்கும், ஆறாம் வகுப்பில் திரும்புபவர்க்கும் செய்யவேண்டிய பணி ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதி பெண்களாகவும் இருக்கவேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவின் பணி. தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டமே வரையறுத்திருப்பதால், சிறிய வகுப்பு என்னும் மாற்றுக் கல்வியின் விலையுயர்ந்த பகுதிக்குப் பெரும்பங்கு பணத்தை அரசு முன்னமே கொடுத்துவிட்டது. நூலக மூலை, தோட்டம், கைவேலைக் கருவிகள், மாதம் ஒருமுறை ஊரின் நெசவாளியையோ உழவரையோ அழைத்துவரும் ஏற்பாடு ஆகியவையே எஞ்சுபவை. ஒரு குடும்பம் தனியார் பள்ளி வேனுக்கு மட்டும் கொடுக்கும் தொகையை இருபது குடும்பங்கள் சேர்த்தால் இவை நடக்கும். அவ்வூரின் எல்லாக் குழந்தைகளுக்கும் நடக்கும்.

1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியபோது, அது ஒரு தோட்டத்துக்காகத் திரும்பவில்லை. இன்றும் வாய்க்காலில் தண்ணீர் முறைவைத்துப் பாய்கிறது. மேல்மடைக்காரர் கடைமடையை எண்ணியே தம் மடையை அடைக்கிறார். வாய்க்காலை நம்பாமல் தனித்தனியே ஆழ்துளைக் கிணறு இறக்கிய இடங்களில் நிலத்தடி நீர் ஒவ்வொருவர்க்கும் மேலும் மேலும் ஆழத்துக்குப் போவதையும், கடன்பட்டு இறக்கியவரின் குழாயே முதலில் வறள்வதையும் பள்ளத்தாக்கு கண்டிருக்கிறது. தனிப் பள்ளிக் கட்டணமும் அத்தகைய கிணறே. வசதியுள்ளவர் தோண்டிக்கொள்ளட்டும், அது குற்றமன்று. ஆனால் தோண்டியவரும் தோண்ட இயலாதவரும் சேர்ந்து பொது வாய்க்காலைத் தூர்வாரினால் மட்டுமே கடைமடைக் குழந்தைக்கும் நல்ல கல்வி சென்று சேரும். வரும் ஜூனில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் திறக்கும் நாளில், கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பெற்றோரும் தம் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.